வராதவர் வீட்டுக்குப் போனவள்

தையல்நாயகி போய்விட்டாள் என்று அவள் மகள் தமிழ்ச்செல்வி போனில் சொன்னபோது, நான் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் தா.பழூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க" என்றாள். அழவில்லை. அவள் அம்மா வளர்த்த பிள்ளை. முதலில் சேதி, பிறகுதான் அழுகை. அடுத்து ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஸ்டாண்டை ஒட்டி ஊளையிட்டுக்கொண்டு போனது. அது போய்த் தொலையட்டும் என்று காத்திருந்தேன். "நாளைக்கு மத்தியானம் எடுக்கறோம்" என்று மறுபடி சொன்னாள். அவள் செத்த சேதியைக்கூட முழுசாகக் கேட்க விடவில்லை அந்த லாரி.

கருமாதிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டார்கள். யாரையும் திட்டாமல் நல்லவிதமாக எழுதச் சொன்னார்கள். அவளைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டுமென்றால் வேறு சிலரைப் பற்றிக் கெட்டவிதமாக எழுதியாக வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நானும் அவளும் ஒரே சமயத்தில் ஒன்றியக் கவுன்சிலர் ஆனோம். இரண்டு பேருமே பெண்கள் வார்டு. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அவள் ஐந்தாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் சொல்லி நான் நின்றேன். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை. நிற்காதே என்றுதான் சொன்னார்கள். முதல் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "அக்கா, ஃபேனு உங்க பக்கம் மட்டும் அடிக்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். அவள் தெருவிலிருந்து எங்கள் தெருவில் யாரையும் அக்கா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. எதிர் வரிசையில் ஒருவர் கனைத்தார். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். கனைத்தவர் யார் என்பது நினைவிருக்கிறது. இப்போது மாவட்டத்தில் பெரிய ஆள். அவரைப் பற்றித்தான் எழுத வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை ஒட்டிப் போகிற சாலை அப்போது ஒன்றியத்துச் சாலை. சுரங்கத்திலிருந்து சிமெண்ட் கம்பெனி ஆலைக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகளுக்கு என்று வேறு பாதை இருந்தது. அது சுற்று. டீசல் மிச்சம் பிடிக்க எங்கள் பள்ளிக்கூடச் சாலையில் விட்டார்கள். தையல்நாயகியின் தங்கை மகள் பூங்கொடி, ஏழாம் வகுப்புப் பிள்ளை, பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைத் தாண்டினாள். அவ்வளவுதான். மேலே எழுத என் கைக்கு வரவில்லை.

அந்தச் சாவுக்கு எல்லாக் கவுன்சிலரும் வந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கைக்குட்டை. "அடுத்த கூட்டத்துலயே தீர்மானம் போட்டுருவோம் தையலு. பள்ளிக்கூட நேரத்துல ஒரு லாரி உள்ள வரக் கூடாது. நான் கை தூக்கறேன்" என்று பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்கள். அவளுடைய தங்கை அவர்கள் காலில் விழப் போனாள். தையல்நாயகிதான் பிடித்து நிறுத்தினாள்.

கூட்டத்தன்று பார்த்தால் நாற்காலிதான் இருந்தது. டீயும் வடையும் அத்தனை பேருக்கும் வாங்கி வைத்திருந்தார்கள். டீ ஆடை படிந்து கிடந்தது. ஆள் போதவில்லை, கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று சேர்மன் எழுந்துவிட்டார். அப்புறம் ஒவ்வொருவர் சொன்ன காரணமும் வந்து சேர்ந்தது. ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவருக்கு மீன்சுருட்டி தாண்டி வண்டி பஞ்சர். ஒருவருக்கு மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம். எதிர் வரிசையில் கனைத்தாரே, அவருக்கு அத்தை இறந்துவிட்டார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "பொய்யிடி. அத்தனையும் பொய். நேத்து சாயந்தரம் அந்தாளு கம்பெனி ஜீப்புல போனத நான் பாத்தேன்" என்றேன்.

தையல்நாயகி ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள். "பொய்யின்னு சொன்னா நம்மளதான் திருப்பித் திட்டுவாங்க. நம்பணும்க்கா. நம்பினாத்தான் அவங்களுக்குக் கஷ்டம்" என்றாள்.

அவள் வேலை செய்த விதம் அதுதான். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். கையில் ஆரஞ்சு, ரொட்டி, ஹார்லிக்ஸ். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எப்படிப் போவார்களோ அப்படி. அவர் மனைவி வாசலுக்கு வந்து, "அவரு கரும்பு வெட்டு பாக்கப் போயிருக்காரே" என்றார். தையல்நாயகி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, அவ்ளோ காய்ச்சலோட வெயில்ல அனுப்பிட்டீங்களே மதினி. ஒன்றிய ஆபீஸுக்கே வர முடியாம கெடக்கறாருன்னு சொன்னாங்க. பெரிய நோவா இருக்கப் போவுது, மறைக்காதீங்க." சாமான்களை வைத்துவிட்டு வந்தாள். வழியில் டீக்கடையில், பால் சொசைட்டியில், பார்த்தவர்களிடமெல்லாம் அவருக்குப் பெரிய நோய் என்று வருத்தப்பட்டாள். இரண்டு நாளில் ஊரே ரொட்டியும் ஆரஞ்சுமாக அவர் வீட்டுக்குப் போனது. மகளைக் கட்டிக் கொடுத்த சம்பந்தி வீட்டார் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்தான் முதல் ஆளாக வந்தார்.

பிறகு அத்தை வீடு. துக்கம் கேட்கப் போவதற்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. சாவு வீட்டு வாசல் வரை யார் வேண்டுமானாலும் போகலாம், எந்தத் தெருக்காரரானாலும். மற்ற நாளில் அவர் வீட்டு வாசலில் இவளை நிற்க விட்டிருப்பார்களா? அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு குட்டியானை லோடு வண்டி பேசி, மாலை வாங்கி, தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தாள். பூங்கொடியின் அம்மாவும் அதில் இருந்தாள். என் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, "ஏறுக்கா, சாவுக்குப் போகணும்" என்றாள். நான் ஏறிவிட்டேன்.

வண்டி நிற்கும் முன்பே அழுகை ஆரம்பித்துவிட்டது. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, வாசலில் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் ஒரு கிழவி உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார்.

"யாருடி செத்தது?"

"நீங்கதான் அத்தை" என்றாள் தையல்நாயகி, அழுகையை நிறுத்தாமல்.

"நானா? எப்ப?"

"புதன்கிழம. ஒங்க அண்ணன் மவனே சொன்னாரு. அதனாலதான் கூட்டத்துக்குக்கூட வல்லைன்னு."

கிழவி புளி ஒட்டிய கையோடு அப்படியே நின்றார். நான் நினைத்தேன், விளக்குமாற்றை எடுப்பார் என்று. "நல்லாத்தான் அழுவறீங்க. பாதியில நிறுத்தாதீங்க, கேப்போம்" என்று படியில் உட்கார்ந்தார். பெண்களில் சிலருக்குச் சிரிப்பு வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அத்தைக்குப் பாடிக்கொண்டிருந்த ஒப்பாரி எந்த இடத்தில் திரும்பியது என்று எனக்குத் தெரியவில்லை. பூங்கொடியின் அம்மா வட்டத்துக்கு நடுவில் விழுந்து, "பை மாட்டி அனுப்பினேனே, பாதியில எறங்கினியே" என்று பாடத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. அது நிஜ அழுகை. நானும் அந்த வட்டத்தில் இருந்தேன்.

"எந்தப் புள்ளடி?" என்று கிழவி கேட்டார். தையல்நாயகி சொன்னாள். லாரி, பள்ளிக்கூடம், தீர்மானம், காலி நாற்காலி, எல்லாம். அதற்குள் அந்த மனிதர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் கூட்டத்தைப் பார்த்து அவர் முகம் போன போக்கை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். கிழவி தன் மேல் போட வந்த மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். "உசுரோட எனக்கு வாய்க்கரிசி போட்டுட்டியேடா. ஒரு கையத் தூக்கறதுக்கு ஒனக்கு இவ்ளோ வலிக்குதா?"

அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தார். அவர் வண்டியின் பின்சீட்டில் அந்தக் கிழவியும் வந்தார். கூட்டம் நடக்கிற ஹால் வாசலில் உட்கார்ந்துகொண்டார். இங்கே உட்காரக் கூடாது என்று பியூன் சொன்னதற்கு, "நான் செத்தவ. எங்க வேணாலும் உக்காருவேன்" என்றார். தீர்மானத்தைப் படித்ததும் அந்த மனிதர் முதலில் வாசலைப் பார்த்தார், பிறகு கையைத் தூக்கினார். பள்ளிக்கூட நேரத்தில் எங்கள் சாலையில் லாரி நின்றது. அந்த வருஷங்களில் படித்த பிள்ளைகள் நடுச்சாலையில் கைகோத்துக்கொண்டு போனார்கள்.

அன்று முதல் அந்த மனிதருக்கு இந்தப் பக்கத்தில் அத்தைக்காரர் என்றுதான் பெயர். உண்மைப் பெயரை நான் என் வாயால் சொல்வதில்லை. எழுதவும் மாட்டேன்.

அத்தைக்காரர் பிறகு எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். அந்தக் கிழவி அதற்கு முன்பே நிஜமாகவே போய்விட்டார். அந்த அளவுக்கு அத்தைக்காரருக்கு அதிர்ஷ்டம். சாலையைத் தரம் உயர்த்துகிறோம் என்று ஒன்றியத்திடமிருந்து சர்க்காரில் எடுத்துக்கொண்டார்கள். ஒன்றியத்தின் கையில் இல்லாத சாலைக்கு ஒன்றியத்தின் தீர்மானம் செல்லாது என்றார்கள். ரோடு அகலமானது, லாரி திரும்பி வந்தது. இப்போது கையைத் தூக்க வேண்டிய இடம் மெட்ராஸில் இருந்தது. தூக்க வேண்டிய ஆள் அதே ஆள்.

லாரிக்கு நேரம் வைக்கச் சொல்லி யாரோ ஒரு எதிர்க்கட்சிக்காரர் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். எண்ணிப் பார்க்கிற ஓட்டு என்று எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து சொன்னார். ஓட்டுக் கேட்டு வந்தபோது அத்தைக்காரர் தையல்நாயகியின் வாசலில் நின்று சத்தியம் செய்திருந்தார். அன்றைக்கு அவர் சபைக்குப் போகவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

"நெஞ்சுவலி, பாவம்" என்றாள் தையல்நாயகி. அவ்வளவுதான் சொன்னாள். பத்து நாள் கழித்து எங்கள் ஊர்த் தேர். முதல் வடம் பிடிக்க எம்.எல்.ஏ. பரிவட்டத்தோடு வந்து நின்றார். இவள் மைக்செட்காரரிடம் போய் மைக்கை வாங்கினாள். "எம்.எல்.ஏ. ஐயாவுக்கு நெஞ்சுவலிங்க. சட்டசபையில கையத் தூக்கவே முடியாம இருந்தாரு. வடம் இழுக்க விட்டு அவரு உசுருக்கு ஆபத்தாச்சுன்னா ஊருக்குப் பாவம். அவர நிழல்ல உக்கார வைங்க, யாராச்சும் மோரு குடுங்க." கூட்டத்தில் நாலு பேர் ஓடிவந்து அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவரால் நெஞ்சுவலி இல்லை என்று சொல்ல முடியவில்லை. தேர் அவர் இல்லாமல் நிலைக்குப் போனது.

அன்று ராத்திரி நான் கேட்டேன், "அந்த ஓட்டுல நமக்கு எதிரா கை தூக்கினவன்லாம் இருக்கானே, அவன விட்டுட்டு இவனையே ஏண்டி பிடிச்சுக்கறே?" என்று.

"எதிரா தூக்கினவன நான் மன்னிச்சுருவேன்க்கா. அவன் மூஞ்சி தெரியுது. வராதவன் கட்சிக்கும் நல்லவன், கம்பெனிக்கும் நல்லவன், நமக்கும் நல்லவன். அவனுக்கு ஒரு மூஞ்சி வேணாமா? நாம குடுப்போம்."

போன மாசம் சிறுநீரகம் கெட்டுப்போய் பெரம்பலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் பார்க்கப் போனேன். கால் வீங்கி, முகம் மஞ்சளாகி, குரல் உள்ளே போயிருந்தது. நான் கொண்டுபோன ரொட்டியைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு நெசமாவே ஒடம்பு சரியில்லக்கா, ஹார்லிக்ஸ் எங்க?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே தீர்மானம் மறுபடி சபைக்கு வருகிறது, வெள்ளிக்கிழமை ஓட்டு என்று வாத்தியார் அவளிடம் சொல்லியிருக்கிறார். போன தடவை கொஞ்சம் ஓட்டில்தான் தோற்றது. அத்தைக்காரர் போனில் அவளிடமே வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"அவன் போறானான்னு பாத்துச் சொல்லு. நான் இருந்தா என்கிட்ட சொல்லு. இல்லாட்டியும் சொல்லு."

வியாழக்கிழமை காலையில் அவள் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலையில் மூன்று கார் வந்து தெருமுனையில் நின்றது. அத்தைக்காரர் இறங்கினார். ஆள் உயர மலர்வளையம், கூடவே இரண்டு கேமராக்காரர். வளையத்தை வைத்துவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் பேசினார். "தையல்நாயகி அம்மா எனக்குத் தாய் மாதிரி. இன்னிக்கு சபையில ரொம்ப முக்கியமான ஓட்டெடுப்பு. ஆனா பெத்த தாய் மாதிரி இருந்தவங்க கெடக்கறப்ப, ஒரு மகனா நான் இங்க வந்து நிக்க வேணாமா? சபையா தாயான்னு கேட்டா எனக்குத் தாய்தான்."

ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவரைச் சாகடித்துக் காரணம் சொன்னவர். இப்போது அந்தச் சிரமம்கூட இல்லை. எந்தத் தீர்மானத்துக்காக அவள் இத்தனை வருஷம் அலைந்தாளோ, அந்தத் தீர்மானத்துக்குப் போகாமலிருக்க அவள் பிணமே காரணம். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று தெரியாது. திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

அப்போது அவள் ஆறின டீயைக் குடித்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது.

"தம்பி, நீங்க சொன்னது ரொம்ப சந்தோஷம்" என்றேன். "அவளுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. யாரு கொள்ளி வைக்கறதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தோம். நல்லவேள மவன் வந்துட்டீங்க. முருகேசா, பலகையப் போடு. அய்யாவுக்கு மொட்ட எடுக்கணும்."

முடி எடுக்கிற முருகேசன் ஒரு கணம்தான் யோசித்தான். பலகையைப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அத்தைக்காரர் சிரித்தார். "ஆயா, சும்மா வெளையாடாதீங்க."

"சாவு வூட்ல யாரு தம்பி வெளையாடுவா? தாய்னு நீங்கதான சொன்னீங்க. சட்டையக் கழட்டுங்க. கொள்ளிச்சட்டி தயாரா இருக்கு."

பெண்கள் எல்லாரும் எழுந்து வழிவிட்டு நின்றார்கள். பூங்கொடியின் அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, கோடி வேட்டியை மடித்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். அவர் வேட்டியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"ஆயா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு சபை இருக்கு. உடனே மெட்ராஸ் கெளம்பியாகணும்."

கூட்டத்தின் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. ஆனால் அவள் சாவில் அது தப்பில்லை. கார்கள் கிளம்பின. மெட்ராஸ் போகிற பக்கம் போகவில்லை, அரியலூர்ப் பக்கம் திரும்பின. நான் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்துச் சொல் என்று சொல்லியிருந்தாளே. உள்ளே வந்து அவள் காதருகில் குனிந்து, "அவன் போகலடி" என்று சொன்னேன்.

தமிழ்ச்செல்விதான் கொள்ளிச்சட்டி எடுத்தாள். பெண் எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஊர்வலம் பள்ளிக்கூடச் சாலையில் ஏறும்போது லாரிகள் வரிசையாக வந்தன. பிணத்துக்கு நின்றன. பிணம் போனதும் கிளம்பின.

தீர்மானம் தோற்றது. வராதவர்கள் வேறு தொகுதியிலும் நிறையப் பேர் என்று வாத்தியார் சொன்னார். அன்றைக்கு எத்தனை அத்தைகள் செத்தார்களோ.

அவள் விட்டுப்போனதில் எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். நகை நட்டு ஒன்றும் அவளிடம் இல்லை. அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டேன். அவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புவது, நம்பியபடி நடப்பது. எனக்கு அது சுலபத்தில் வராது. எனக்குத் திட்டத்தான் வரும். பழகிக்கொள்கிறேன்.

கருமாதிப் பத்திரிகை உங்கள் கைக்கு வந்திருக்கும். மகள் தமிழ்ச்செல்விக்கு மேலே மகன் என்று போட்டு அத்தைக்காரரின் பெயரைப் பட்டத்தோடு அச்சடிக்கச் சொன்னது நான்தான். என் கையால் எழுதவில்லை, அச்சாபீஸ்காரருக்கே தெரிந்திருந்தது. அவர் கட்சி ஆபீஸுக்கும், அவருடைய மாமனார் வீட்டுக்கும், மெட்ராஸில் அவர் தங்குகிற இடத்துக்கும் அனுப்பியாகிவிட்டது. நீங்கள் இதைப் படிக்கிற நேரத்தில் அவர் வந்திருந்தால் தலையைப் பாருங்கள். வராவிட்டால் ஏதாவது காரணம் சொல்லி அனுப்புவார். காய்ச்சலானால் ஆரஞ்சு, சாவானால் மாலை. எதுவானாலும் நாளைக் காலையில் போகிறோம். குட்டியானைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், இடம் இருக்கிறது, வருகிறவர்கள் வரலாம்.